பாவாயி திறந்த மூடிகள்

கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கிடைக்காத கல் என்று ஒன்று கிடையாது. எல்லாக் கல்லும் எங்கும் கிடந்தன. இன்றைக்கு ஆள் வைத்து, வேட்டு வைத்து, மலையைக் குடைந்து, கடைசியில் ஒரு சிட்டிகை அகப்பட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்களே, அந்தக் கற்களை அன்றைக்குக் கோழி கிளறித் தள்ளிவிட்டுப் போகும். ஆட்டுப்பட்டிப் படலுக்கு முட்டுக் கொடுக்க ஊதாக்கல். தண்ணீர்ப் பானை ஆடாமல் இருக்க அடியில் பச்சைக்கல். நீலமாய் ஒன்று காலில் இடறினால் "சனியனே" என்று திட்டிவிட்டு நடப்பார்கள். கல்லும் சும்மா இருக்காது. "கண்ண எங்க வெச்சுட்டு வாரே?" என்று திருப்பிக் கேட்கும்.

இத்தனையையும் பெற்றவள் ஆத்தாக்கரடு. கரடு என்றால் மரம் மட்டை அதிகம் இல்லாத மொட்டைப் பாறை மலை. மழை குறைந்த மேட்டுச் சீமையில், சோளக்காடுகளுக்கு நடுவே அவள் படுத்துக் கிடந்தாள். தலைமுறைக்கு ஒரு தடவை அவளுக்கு வலி எடுக்கும். பூமி லேசாக ஆடும். "ஆத்தாளுக்கு மாசம் ஆயிருச்சு" என்று சொல்லி, ஊரார் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆட்டம் நின்றதும் உள்ளே போய்ச் சோறு ஆக்குவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு அவளிடம் இருந்த பயம்.

கரட்டின் அடிவாரத்து ஊரில் பாவாயி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். சுற்றுப்பட்டு ஊர்களில் அவள் கையில் விழாத தலை குறைவு. வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை, ஆனால் கைராசிக்காரி. அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வலி நீண்டு, பிள்ளை இறங்காமல் அடம் பிடித்தால், அவள் தாயைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பாள். கதவைத் திறப்பாள். தானியக் குதிரின் மூடியைத் தூக்கி வைப்பாள். உப்புச்சாடி, துணிப்பெட்டி, வெற்றிலைப் பை எல்லாம் திறந்தாக வேண்டும். தலைமுடிச்சு, முந்தானை முடிச்சு, கன்றுக்குட்டியைக் கட்டிய கயிறு எல்லாம் அவிழ்ந்தாக வேண்டும். "வூட்டுல ஒரு மூடி மூடியிருந்தாலும் வயிறு தொறக்காது" என்பாள். அது பலித்தும் வந்தது. ஊரே அதை நம்பியது, அவளும் நம்பினாள்.

அவளுக்கு ஒரே மகள், பூவாத்தா. பூவாத்தாளின் முதல் பிள்ளை தங்கவில்லை. அன்றைக்குப் பாவாயி மூன்று ஊர் தள்ளி வேறொரு வீட்டுப் பிரசவத்தில் இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை பிழைத்தது. இவள் ஓடி வந்து சேர்ந்தபோது மகள் சுவரோரம் படுத்துக்கொண்டு, "புள்ள ஏம்மா அழுகலே? புள்ள ஏம்மா அழுகலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பாவாயிக்கு மனசு ஆறியிருக்கும். அதை மட்டும் அவள் கேட்கவே இல்லை. இப்போது மறுபடியும் நிறைமாதம். இந்தத் தடவை மகளை விட்டு நகர்வதில்லை என்று பாவாயி விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நடுப்பகல். பாவாயி விளக்கெண்ணெயைச் சூடுகாட்டி மகளின் இடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அழுங்கு நிற்கிறது. உடம்பெல்லாம் செதில் போர்த்து, எறும்புப் புற்றைத் தோண்டித் தின்னும் அதே அழுங்குதான். ஆனால் அப்போது அது நிமிர்ந்து நடக்கும், யாரையும் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசும். ஆத்தாக்கரட்டுக்குள் போகவர வழி தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

"ஏனுங்க பாவாயக்கா, ஆத்தாளுக்கு வலி எடுத்துருச்சுங்க" என்றது அழுங்கு.

"எடுக்கட்டும். அவ எத்தனையோ பெத்தவ. என்னைய என்னத்துக்குக் கூப்புடறே?"

"மாசம் நெறையறதுக்கு முன்னயே எடுத்துருச்சுங்க. புள்ளைக இன்னும் முத்தலே. வலியப் புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு கை வேணுமாம். உங்களத்தான் கூட்டிட்டு வரச் சொன்னா."

"என்னால ஆகாது. என்ற பொண்ணு நெறமாசமா இருக்கறா, உன்ற கண்ணுக்குத் தெரியலியா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தரை ஆடியது. எப்போதும் ஆடுகிற மாதிரி இல்லை. அடுக்குப் பானைகள் சரிந்து உடைந்தன. மண்சுவர் மேலிருந்து கீழ் வரை விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்தது. கூரையிலிருந்து புழுதி கொட்டிப் பூவாத்தாளின் வயிற்றின்மேல் விழுந்தது.

"இன்னும் ரெண்டு வலி இப்புடி வந்தா ஊரே மண்ணுக்குள்ள போயிருமுங்க" என்றது அழுங்கு. "பயமுறுத்தலீங்க. அவளுக்கே அது தெரியும். மூச்சப் புடிச்சுட்டுக் கெடக்கறா."

பூவாத்தாதான் முதலில் பேசினாள்.

"நீ போம்மா. எனக்கு இன்னும் எட்டு நாள் இருக்குது. வூடு மேல உளுந்துச்சுன்னா நீ பக்கத்துல இருந்து என்ன பண்ணுவே?"

"நடுவுல வலி எடுத்தா?"

"அழுங்குகிட்டச் சொல்லியுடறேன்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இந்தத் தடவ வந்துரும்மா."

அந்தச் சொல் பாவாயியின் நெஞ்சில் போய்த் தைத்தது. பக்கத்து வீட்டு நாச்சக்காளைக் கூப்பிட்டு மகளை ஒப்படைத்துவிட்டு அழுங்கின் பின்னால் நடந்தாள். கரட்டின் அடியில் ஒரு பட்டைப் பாறை, களத்துமேட்டு அளவு இருக்கும். அழுங்கு அதைத் தட்டியதும் ஆள் நுழைகிற அளவுக்கு விலகியது. உள்ளே கால் வைத்ததும் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. மூடிய சத்தம் வெகு நேரம் காதை விட்டுப் போகவில்லை.

உள்ளே கும்மிருட்டு. கந்தக நெடி மூக்கை அறுத்தது. போகப் போகச் சூடு ஏறியது. சுவரைத் தொட்டபோது அது மெல்ல உப்பி, மெல்ல அமுங்கியது. பாவாயி கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். எத்தனையோ வயிற்றைத் தொட்டவள்தான். ஆனால் ஒரு வயிற்றுக்குள்ளே நின்றது அன்றைக்குத்தான்.

"வந்துட்டயா?" என்று ஒரு குரல் கேட்டது. காதால் கேட்கவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது.

"வந்துட்டேன் தாயி."

"பயமா?"

"பயந்தான்."

"எனக்கும்" என்றாள் ஆத்தாக்கரடு.

அதைக் கேட்டதும் பாவாயிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பயப்படுகிற தாய் என்றால் அவளுக்குத் தெரிந்த ஆள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுடுகிற பாறைமேல் இரண்டு கையையும் வைத்து நீவத் தொடங்கினாள். "சும்மா இரு கண்ணு, முக்காதே, மூச்ச மட்டும் உடு" என்று தன் வழக்கப்படி சொன்னாள். அவள் நீவ நீவ ஆட்டம் தணிந்தது. முத்திய பிள்ளைகள் சில, நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தன. வெள்ளைக்கல் வந்தான். தகடு தகடாய்க் காக்காப்பொன் வந்தாள். சுண்ணாம்புக்கல், இரும்புக்கல், உப்பு எல்லாம் ஆட்டுக்குட்டி விழுகிற மாதிரி விழுந்து, விழுந்ததுமே கத்தின. ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. அழுங்கு ஒவ்வொன்றாய் முதுகில் ஏற்றிக்கொண்டு, தான் தோண்டிய சின்ன வளை வழியாக வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறக்காமல் வளையை மண்ணால் அடைத்துவிட்டுத் திரும்பியது.

"இவ்வளவுதானா தாயி?"

"இவீங்க எப்புடிப் போட்டாலும் பொழைச்சுக்குவாங்க. கஷ்டமான புள்ளைக உள்ள இருக்குதுக. மேல பாரு."

இருட்டுக்குக் கண் பழகியிருந்தது. சுவர் முழுக்க, தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும், மாடக்குழி மாதிரிப் பொந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்மூடி. மூடியின் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி வெளிச்சம். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் பாவாயிக்குப் பெயர் தெரியாத நிறம்.

"அந்தா அவன், பகையாளி ரெண்டு பேருக்குப் பொறந்தவன்" என்றாள் ஆத்தாக்கரடு. "அவீங்க ஒரு எடத்துல சேர்றதே இல்ல. நான் எத்தனையோ பாடுபட்டு ஒரே பொந்துல படுக்க வெச்சேன். அசைஞ்சா பிரிஞ்சு போயிருவாங்க. பக்கத்துல இருக்கறவளுக்குச் சூடு ஒரு மட்டத்துல நிக்கோணும், ஏறுனாலும் எறங்குனாலும் அவ வேற ஒருத்தியா மாறிப்போவா. மேல இருக்கறவளுக்கு வெளிச்சம் ஆகாது. கீழ இருக்கறவனுக்கு ஈரம் ஆகாது. அந்த மூலையில இருக்கறவனுக்குக் காத்தே ஆகாது. எல்லாரும் மெதுவா ஆறி, தன்னால இறுகோணும். இறுகுனதுக்குப் பொறவு வெளிய எங்க வேணா கெடக்கலாம், ஒண்ணும் ஆகாது. அது வரைக்கும் வலிய நீ அடக்கி வெய்யி. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். எதையும் தொறந்துராதே."

"எத்தன நேரம் ஆகும்?"

"சித்த நேரந்தான். நூறு மழைக்காலம்."

பாவாயியின் கை நின்றது. கை நின்றதும் தரை உறுமியது. பதறிப்போய் மறுபடி நீவினாள்.

"நூறா? தாயி, என்ற பொண்ணுக்கு எட்டே நாள்தான் இருக்குது."

"நீ பசிக்கும்னு பயப்படாதே. இங்க இருக்கற வரைக்கும் பசிக்காது, வயசும் ஆகாது."

"எனக்கு ஆகாது. வெளிய இருக்கறவங்களுக்கு?"

மலை அதை நினைத்தே பார்த்ததில்லை. அவள் ஏமாற்றவில்லை. மழைக்காலங்களை அவள் எண்ணுவது அப்படித்தான், நாம் கண் இமைப்பதை எண்ணாத மாதிரி. ஆனால் ஏமாற்றாமல் இழுத்துப் பூட்டியது இன்னும் பயங்கரமாக இருந்தது. "ஒரே ஒரு தடவ வெளிய உடு, பாத்துட்டு ஓடி வந்தர்றேன்" என்று பாவாயி கெஞ்சினாள். "வாசலத் தொறந்தா காத்து வந்துரும். முடியாது" என்றாள் ஆத்தாக்கரடு. அப்புறம் ஒரு வலி வந்தது. பிறகு அவள் பேசுகிற நிலையில் இல்லை.

உள்ளே பகல் இல்லை, பொழுது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அழுங்கும் வரவில்லை. பாவாயி நீவினாள். கை கொப்பளித்தது, நீவினாள். எத்தனை நாள் போயிற்று என்று தெரியாததுதான் அவளைக் கொன்றது. இதற்குள் எட்டு நாள் ஆகியிருக்குமா? எட்டு வருஷம் ஆகியிருக்குமா? வெளியே போனால் பூவாத்தா இருப்பாளா, பூவாத்தா என்ற பெயர் தெரிந்தவர்களாவது இருப்பார்களா? மறுபடியும் இன்னொருத்தியின் பிரசவத்தில் நான் மாட்டிக்கொண்டேனே என்று நினைத்துக்கொண்டே நீவினாள்.

அப்போதுதான் அழுங்கு வளைக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"சொல்லு" என்றாள் பாவாயி.

"பூவாத்தாளுக்குக் காத்தால வலி கண்டுருச்சுங்க. பனிக்குடம் ஒடஞ்சு போச்சு. ஆனா புள்ள எறங்கலே. அவ உங்களக் கேட்டுட்டே இருக்கறா."

"என்ன கேக்கறா?"

"அம்மா வந்தாச்சான்னு."

பாவாயி சுவரிலிருந்து கையை எடுத்தாள். தரை உறுமியும் இந்த முறை திரும்ப வைக்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெளியே, ஒருத்தி உள்ளே. உள்ளே இருப்பவளைப் பாதி வலியில் விட்டுப் போனால் ஊரே இடியும், அவள் பெற்று முடித்தால்தான் இவள் போக முடியும். பெற வைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க அவள் கைராசியைக் காப்பாற்றிய வழி அது.

முதலில் தன் கொண்டையை அவிழ்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்துத் திறந்தாள். அது வரைக்கும் யாருக்கும் கேடு இல்லை.

"அக்கா" என்றது அழுங்கு. "வேண்டாமுங்க. எதையும் தொறக்கக் கூடாதுன்னு அவ சொன்னாளுங்க."

"அப்படீன்னா நீ வந்து என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது."

பாவாயி முதல் மூடியில் விரலை நுழைத்துத் தூக்கினாள். உள்ளே பெயர் தெரியாத நிறத்தில் ஒரு பிள்ளை, இன்னும் இளகியபடி, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மூடி. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மளமளவென்று திறந்துகொண்டே போனாள். மேலே, கீழே, மூலையில், கை எட்டாத இடத்தில் கல்லின்மேல் ஏறி நின்று. ஒரு சில பொந்துகள் வெடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தன, அவை மட்டும் அவள் கண்ணில் படவில்லை. கடைசி மூடியான வாசல் பாறைக்கு வந்து, தோளைக் கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள்.

பாறை நகர்ந்தது. வெளியே வெயிலும் மழையும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. நரிக்குக் கல்யாணம் என்று பிள்ளைகள் கத்துவார்களே, அந்த மாதிரி நேரம். காற்றும் வெளிச்சமும் சாரலும் ஒன்றாக உள்ளே புகுந்தன.

ஆத்தாக்கரடு பெரிதாய் ஒரு மூச்சு விட்டாள். பாவாயியின் வழக்கம் அங்கேயும் பலித்தது. வலி அந்த நொடியே விட்டுப்போனது, பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. உலகத்தில் உள்ள அத்தனை நிறமும் பாவாயியின் காலடியில் வந்து விழுந்தன. அவள் ஒரு கணம் பயத்தை மறந்து நின்று பார்த்தாள்.

அப்புறம் ஒன்று வெளுத்தது. சிவப்பாய் இருந்த பிள்ளை வெயில் பட்ட இடத்திலிருந்து சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஒன்று சாரல் பட்டதும் வியர்த்து, வெல்லக்கட்டி மாதிரி ஒழுகியது. அவள் அதை வாரி எடுத்தாள், விரலிடுக்கில் வழிந்து போயிற்று. இன்னொன்றைத் தொட்டாள், மாவாய் உதிர்ந்தது. பகையாளிக்குப் பிறந்தவன் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் உருண்டான். மீதியெல்லாம் காற்றில் சட்டென்று குளிர்ந்து, உருவமில்லாத கறுப்புக் கண்ணாடியாகிப் போயின. பாவாயி மூடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி மூடினாள். மூடிய பொந்துகள் எல்லாம் வெறும் பொந்துகள்.

"எறங்கிருச்சா?" என்று கேட்டாள் ஆத்தாக்கரடு. குரலில் அசதியும் சந்தோஷமும் இருந்தன.

பாவாயி இன்னொரு மூடியைப் பொறுக்கி எடுத்தாள்.

"பாவாயி, எல்லாம் எறங்கிருச்சா? புள்ளைக ஏன் அழுகலே?"

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைக ஏன் அழுகலே?" என்று மறுபடியும் கேட்டாள் மலை. மூன்றாம் தடவை கேட்கவில்லை. காற்று தன் உள்ளே நடமாடுவதை அவள் உணர்ந்திருக்க வேண்டும்.

"தொறந்தியா?"

"தொறந்தேன் தாயி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். என்ற பொண்ணுக்காகத் தொறந்தேன். என்னைய என்ன வேணாப் பண்ணு. இங்கயே நசுக்கிப் போடு. அவளத் தொடாதே. அந்தப் புள்ளையத் தொடாதே."

ஆத்தாக்கரடு கத்துவாள், எல்லாம் இடிந்து விழும் என்று பாவாயி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. உப்பி அமுங்கிக்கொண்டிருந்த சுவர் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. திட்டினால் தாங்கியிருக்கலாம். அந்த மௌனம்தான் அவளை எழுப்பி, வாசலுக்கு வெளியே துரத்தி, மழையில் ஓட வைத்தது.

ஓடுகிற வழியில்தான் அதைப் பார்த்தாள். வழியோரத்துக் கற்கள் அவளுக்கு எதிரே வந்துகொண்டிருந்தன. நீலக்கல், ஊதாக்கல், பச்சைக்கல், சேற்றில் உருண்டும் வரப்பில் ஏறி விழுந்தும், கூட்டம் கூட்டமாக மலையை நோக்கி. எப்போதும் வாயாடுகிற கற்கள் ஒன்றுகூடப் பேசவில்லை. காலில் இடறியவைகூட அவளைத் திட்டாமல் ஒதுங்கிப் போயின. தாய் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளைக்கல்லும் காக்காப்பொன்னும் சுண்ணாம்புக்கல்லும் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

வீட்டு வாசலில் தண்ணீர்ப் பானை கவிழ்ந்து கிடந்தது. அடியில் இருந்த பச்சைக்கல்லைக் காணோம். கதவு அகலத் திறந்திருந்தது. நாச்சக்கா பாவாயியின் வழக்கத்தை ஒன்று விடாமல் செய்து வைத்திருந்தாள். குதிர் மூடி தரையில், உப்புச்சாடி வாய் திறந்து, பெட்டி திறந்து, கன்றுக்குட்டி அவிழ்ந்து வாசலில் நனைந்துகொண்டு. பூவாத்தா நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தாள்.

"வந்துட்டயாம்மா" என்றாள்.

"வந்துட்டேன் கண்ணு."

அப்போது தரை அதிர்ந்தது. வலியில் ஆடுகிற ஆட்டம் இல்லை இது. தூரத்தில் மெல்லத் தொடங்கி, ஒரு சீராக, நடந்து வருகிற மாதிரி நெருங்கியது. போன பிள்ளைகளுக்கு ஈடாக இந்தப் பிள்ளையை வாங்கத்தான் ஆத்தாக்கரடு வருகிறாள் என்று பாவாயி நினைத்தாள். பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். குதிரின் வாயை மூடினாள். சாடியை மூடினாள். பெட்டியை மூடினாள். சுவர் வெடிப்பில் பழந்துணியைத் திணித்தாள்.

"பாவாயி, உனக்கென்ன பைத்தியமா?" என்று நாச்சக்கா கையைப் பிடித்தாள். "நீ சொல்லித்தான எல்லாத்தையும் தொறந்து வெச்சேன். தல தெரியறப்பப் போயி மூடறியே."

"தல தெரிஞ்சாச்சல்ல? இனித் தொறக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மூடோணும். அந்தக் கூரையோரத்து ஓட்டையில சாக்கத் திணி நாச்சக்கா, கேள்வி கேக்காதே."

அதிர்வு வாசலுக்கு வந்தது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. சாடி மூடிகள் கடகடவென்று ஆடின, ஆனால் விலகவில்லை. மறுபடி வாசலில் வந்து நின்றது. அந்த நேரத்தில் பிள்ளை பாவாயியின் கையில் விழுந்தது. பெண். சூடாக, வழுவழுவென்று, அசையாமல் இருந்தது. பாவாயி அதை முந்தானைக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல், ஈரம் படாமல்.

"புள்ள ஏம்மா அழுகலே?" என்றாள் பூவாத்தா.

வீட்டுக்கு உள்ளேயும் சத்தம் இல்லை, வெளியேயும் சத்தம் இல்லை. பாவாயி பிள்ளையின் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். வாயில் ஊதினாள். கரட்டுக்குள் உதிர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அவள் கண்முன் வந்து போயிற்று. மறுபடியும் ஊதினாள்.

பிள்ளை வீறிட்டது.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. நாச்சக்கா சிரித்துவிட்டாள், பூவாத்தா அழுதுவிட்டாள். பாவாயி மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற அதிர்வு, அழுகை ஓய்கிற வரைக்கும் அசையாமல் நின்றது. அப்புறம் மெல்லப் பின்வாங்கியது. கதவை யாரோ நகத்தால் கீறினார்கள்.

"நாந்தானுங்க" என்றது அழுங்கின் குரல். "கதவத் தொறக்க வேண்டாம். உங்க முகத்துல முழிக்கறதுக்கு எனக்கு முகமில்ல. ஆத்தா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. புள்ள அழுதுச்சான்னு."

"அழுதுச்சு" என்றாள் பாவாயி.

"அவ காதுலயும் உளுந்துச்சுங்க. அதுக்குத்தான் வந்தா. அத ஒருக்காக் கேட்டுட்டுப் போலாம்னு."

பாவாயி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"மருத்துவச்சிய வெறுங்கையோட அனுப்பப் படாதாம். உங்களுக்கு உண்டானது இதுல இருக்குது. வெடிப்புக்குள்ள தப்பிச்சதுல ஒண்ணு. இன்னும் இறுகலே. தொறந்து பாக்காதீங்க."

விடிந்த பிறகு பாவாயி போய்ப் பார்த்தாள். மண்ணால் வாய் பூசிய ஒரு சின்னக் கலயம். உள்ளே ஏதோ சூடாக இருந்தது. அழுங்கு வேலியோரத்தில் நின்றிருந்தது. அவளைக் கண்டதும் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டுகொண்டது. கூப்பிட்டும் நிமிரவில்லை.

கலயத்தைத் துணியில் சுற்றிக் கரட்டடிக்குக் கொண்டுபோய், முழங்கை ஆழம் தோண்டி, பாவாயி புதைத்துவிட்டு வந்தாள்.

"என்ன நெறம்னு ஒருக்காப் பாத்திருக்கலாமல்ல?" என்று நாச்சக்கா கேட்டாள்.

"பாக்கோணும்னா தொறக்கோணுமே" என்றாள் பாவாயி.

அன்றைக்குப் பிறகுதான் இப்படி ஆயிற்று. வெள்ளைக்கல்லும் காக்காப்பொன்னும் போகிற வழியெல்லாம் கிடக்கின்றன. மற்றவை உலகத்திலேயே ஏதோ ஒரு மலையில், ஏதோ ஒரு வெடிப்பில், ஒரு சிட்டிகை இருந்தால் உண்டு. உடைத்து எடுத்தவன் கையிலேயே சில வெளுத்துப்போகும், சில வியர்த்துக் கரையும், சில பொடியாகும். கல் பேசுவதில்லை, ஆத்தாக்கரடும் பேசுவதில்லை. எப்போதாவது பூமி லேசாக ஆடும், ஆடி முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த ஊரில் கைப்பிள்ளை உள்ள வீட்டில் அப்போது கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் அழவிடுவார்கள். கேட்கிறவள் கேட்டுக்கொண்டு போகட்டும் என்று.